புத்தகத்தில் ஒன்றரை மணி நேரம், பொட்டலில் விடிய விடிய

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு, காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்துப் பங்குனித் திருவிழாவில் அதே நாடகத்தைப் பார்க்கப் போனேன். கதை தெரியும், புத்தகம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, பத்து மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். திரும்பி வரும்போது பால்காரர் எதிரே வந்தார்.

முதல் ஒரு மணி நேரம் பபூனும் டான்ஸும்தான். நான் வாங்கிய பதிப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சுவாமிகள் 1922-இல் மறைந்தவர், பபூன் பேசியதோ கேஸ் சிலிண்டர் விலை.

நாரதர், வள்ளி தர்க்கத்தைப் படிக்கும்போது, உண்மையைச் சொன்னால், நாலு பக்கம் தள்ளிவிட்டேன். மேடையில் அதுதான் நாடகமே. இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, நோட்டீஸில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (காட்சிக்கேற்ற சத்தங்களை எழுப்பும் தாளக்காரர்) என்று ஆளுக்கொரு ஊர், அன்று சாயங்காலம்தான் ஒன்று சேருகிறார்கள், அதனால் நாரதர் அடுத்து எதைக் கேட்பார் என்பது வள்ளிக்கே தெரியாது. ஒரு கேள்விக்கு வள்ளி சட்டென்று ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கட்டையை அழுத்தியபடி சுருதியை இழுத்துப் பிடித்தார். நாலு நொடி இருக்கும். அப்புறம் வந்த பதிலுக்குப் போட்ட விசிலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்துவிட்டன.

யானை வரும் இடம் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி, மடியில் தூங்கிய பேரனைத் தட்டி, "எந்திரிப்பா, ஆனை வருது" என்றார். யானையெல்லாம் வரவில்லை, ஆல்ரவுண்டின் அடியும் வள்ளியின் அலறலும்தான். பையன் மேடையைப் பார்க்கவே இல்லை, திரும்பி ஊருணிப் பக்கத்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறை என்றால் மைக்செட். உச்சத்தில் பாடும்போதெல்லாம் கூவியது, கிழவர் வேடத்தில் முருகன் பேசியதில் பாதி போச்சு. மறுநாள் அதைப் புத்தகத்தில்தான் தேடிப் படித்தேன். தள்ளிய நாலு பக்கத்தையும் படித்தேன், வள்ளி வரிகளெல்லாம் அந்த அம்மாவின் குரலிலேயே கேட்டன. ஆகவே புத்தகம் வாங்கலாம், ஆனால் நாடகம் பார்த்துவிட்டு.

போகிறவர்கள் ஜமுக்காளம் எடுத்துப்போங்கள், ஆர்மோனியப் பக்கமாக உட்காருங்கள். ரெண்டு மணிக்கு மேல் டீக்கடையில் பால் தீர்ந்துவிடும், கட்டஞ்சாயாதான்.