இரட்டைப் புள்ளி: ஹொட்ஸ்வொப் கீபோட், இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

"லைற் எரியிற கீபோட் ஒண்டு எடுக்கலாமோ, இல்லாட்டி சும்மா காசு வீணோ?" என்று அச்சக வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார். லைற்றுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்: வீண். கரண்ட் போன நேரத்தில் லைற் உதவும் என்பார்கள். ஆனால் அதில் ஒளிர்வது ஆங்கில எழுத்து மட்டும். தமிழில் தட்டுகிறவருக்கு ஒரு மெழுகுதிரி அதைவிட உபகாரம். பேசவேண்டியது பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் வேறொரு வசதியைப் பற்றி: ஒவ்வொரு கீயின் கீழும் இருக்கும் சுவிச்சை, ஈயம் உருக்காமல் கையால் கழற்றி மாற்றுவது. இதைத்தான் ஹொட்ஸ்வொப் என்பார்கள். மாதிரியின் பெயர் வேண்டாம். 104 கீ, வயர், புளூரூத், டொங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வயர்லெஸ் துண்டு) மூன்றும் உண்டு.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு முறையில் தட்டுகிறவர்களுக்கு ஆங்கில அரைப்புள்ளிக் கீதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆக நோஞ்சான் விரலான வலது சுண்டுவிரலுக்கு ஆகக் கூடிய வேலை. "யாழ்ப்பாணம்" என்று அடிக்க 11 தட்டு, அதில் 3 புள்ளி. செத்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் ஒன்றை அடித்து முடிக்கும்போது, ஸ்பேஸ் பாரை விட்டால், இந்தக் கீ பட்ட பாட்டை வேறொன்றும் பட்டிராது. தமிழ்99 என்ற மற்றத் தட்டச்சு முறையில் இந்த உபத்திரவம் குறைவு. அங்கே புள்ளி இடது சுட்டுவிரலில். ஒரே மெய்யை இரண்டுதரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்போடு அது உள்ளேயே வந்துவிட்டது. இருபது வருடம் பாமினியில் ஊறிய விரல்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்!

ஆகவே முதலில் வருத்தம் பிடிப்பதும் இந்தக் கீக்குத்தான். 5 கோடி தட்டு தாங்கும் என்று பெட்டியில் இருக்கும். அது ஆய்வுகூடக் கணக்கு. அங்கே எங்கள் புழுதியும் உப்புக் காற்றும் இல்லை. சுவிச்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொடும்போது ஒருகணம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கெடுக்காமல் விட கீபோட் சில மில்லிசெக்கன் பொறுக்கும், பொதுவாக 5. தகட்டில் தூசோ களிம்போ படிந்தால் துள்ளல் அதைத் தாண்டி நீளும், ஒரு தட்டு இரண்டாகப் பதியும். எழுத்து இரட்டித்தால் கண்ணில் படும். புள்ளி இரட்டித்தால் பாமினியில் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துவிடும். யூனிகோட்டுக்கு மாற்றும்போதுதான் வினை: உட்கார எழுத்தில்லாத அந்த மிச்சப் புள்ளி, புள்ளிக் கோடு போட்ட வட்டம் ஒன்றைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு நிற்கும். அந்தியேட்டிக்கு முதல்நாள் இரவு, "அமரர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அப்படியொரு வட்டம். சாதாரண கீபோட் என்றால் முழுவதையும் தூக்கி எறியவேண்டும். இதில் ஐந்து நிமிட வேலை.

வயரைக் கழற்றுங்கள். கம்பி இடுக்கியால் கீயின் மூடியை எடுங்கள். பிளாஸ்ரிக் வளைய இடுக்கி மூடியின் ஓரத்தைச் சுரண்டும். சுவிச்சின் மேலும் கீழும் உள்ள சின்ன நாக்குகளை அமத்தி, சரிக்காமல் நேரே மேலே இழுங்கள். புதியதன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கூடுதலாக இரண்டு பிளாஸ்ரிக் கால் இருந்து உள்ளே உள்ள சுற்றுப் பலகையில் அதற்குத் துளை இல்லாவிட்டால், நகவெட்டியால் அடியோடு நறுக்கலாம். இனித்தான் எல்லோரும் பிழைவிடும் இடம். சுவிச் செருகும் சொக்கற் பலகையின் அடிப்பக்கத்தில் ஈயத்தில்தான் ஒட்டியிருக்கிறது. வளைந்த காலோடு பலத்துக்கு அமத்தினால் சொக்கற் பெயர்ந்து கீழே விழும். அதோடு ஈயம் உருக்காத கதை முடிந்தது. அடிமூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பின்னால் ஒரு விரலை அண்டை கொடுத்து அமத்துங்கள்.

பெட்டியோடு உபரிச் சுவிச் இரண்டுதான் தந்தார்கள். அவை முடிந்தபின் கண்டுபிடித்த வழி: ஸ்க்ரோல் லொக் கீயை யார் தட்டுகிறார்கள்? அதன் சுவிச் இன்னும் புத்தம்புதிது. அதைப் பிடுங்கிப் புள்ளிக்கு வைத்தால் சரி.

துள்ளலைப் பொறுக்கும் நேரத்தை 10 மில்லிசெக்கனாக்கினால் நோய் சில காலம் அடங்கும். சில கீபோட்டுகளின் மென்பொருளில் அதற்கு இடமுண்டு. அடியோடு தீர்க்க வேண்டுமென்றால் காந்தச் சுவிச். அதில் தகடு தொடும் வேலையே இல்லை, இரட்டிப்பும் இல்லை. ஆனால் 0.1 மில்லிமீற்றர் அமத்தினாலே எழுத்து விழும் என்ற விளம்பரம் விளையாட்டுக்காரருக்கு. தட்டெழுத்துக்கு அதை 1.5 - 2 மில்லிமீற்றரில் வையுங்கள், இல்லாவிட்டால் விரல் உரசினாலே எழுத்து விழும். அதன் சுவிச்சுகள் சாதாரணப் பலகையில் வேலை செய்யா. காந்த வகைகளுக்குள்ளும் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தா.

வயர் இல்லாமல் பாவிப்பவர்களுக்கு ஒன்று. டொங்கிளை யூஎஸ்பி 3 துளையில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால் எழுத்து விடுபடும். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் விழுவதுதான் காரணம். யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழ நீட்டு வயர் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். புளூரூத்தில் உறங்கி எழும்பும்போது முதல் எழுத்தைத் தின்னும் பழக்கமும் இருக்கிறது.

மவுஸிலும் இதே கதைதான். ஒருதரம் அழுத்த இரண்டுதரம் திறக்கும் அந்தப் பழைய வருத்தத்துக்கு ஒளியால் இயங்கும் ஒப்டிக்கல் சுவிச் மெய்யான மருந்து. பக்கவாட்டில் உருளும் இரண்டாவது சில்லு பெரிய போஸ்டர் வேலைக்கு அருமை. 26,000 டிபிஐ (அசைவை உணரும் நுணுக்கம்), 8,000 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனில் எத்தனை தரம் கணினிக்குச் சொல்லும் என்பது) எல்லாம் பெட்டிக்கு அழகு. 1,600உம் 1,000உம் போதும், பற்றரியும் மிஞ்சும். றப்பர் பூச்சுள்ளதை மட்டும் வாங்காதீர்கள். இங்குள்ள வெக்கைக்கும் ஈரத்துக்கும் நாளடைவில் பிசுபிசுத்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் உரித்தெடுக்க வேண்டிவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்குக் கொடுத்த பதில்: இந்த மாதிரி வேண்டாம். ஸ்பேஸ் பாரின் அடிக்கம்பிக்கு ஒரு சொட்டுக் கிறீஸ் பூசாமல் அனுப்பியிருக்கிறார்கள். தகரக் குடத்தில் கல் உருட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கடகட. கிறீஸ் பூசலாம், பூசியும் ஆயிற்று, சில மாதத்தில் திரும்பவும் அதே சத்தம். அந்த விலைக்கு இது அநியாயம். வயரோடு வரும் மலிவான ஹொட்ஸ்வொப் ஒன்றும், ஒரு பை உபரிச் சுவிச்சும் எடுங்கள்.

"அப்ப உன்ரையை எனக்குத் தாவன்" என்றார். தரமுடியாது. புள்ளி இப்போது ஒழுங்காக விழுகிறது. ஸ்க்ரோல் லொக் இருந்த இடம் மட்டும் வெறும் குழி.