முகத்துக்கு ஒரு செயலி, சிரட்டைக்கு ஒரு செயலி: டிஜிட்டல் தன்னுருவக் கருவிகள் குறித்த ஒரு மதிப்பீடு

கைப்பேசி ஒன்றையும் வீட்டுக் கணினியையும் வைத்துக்கொண்டு, வாய் திறந்து பேசக்கூடிய முப்பரிமாணத் தன்னுருவம் ஒன்றைச் செய்துவிட முடியுமா என்று குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களும் ஓவியம் பயிலும் இளைஞர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முடியும். ஆனால் எந்த வேலையை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. முகத்தின் அசைவைப் பதிவு செய்ய எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் லைவ் லிங்க் ஃபேஸ், அந்த உருவத்தின் முகமாக அடுக்கவிருக்கும் வீட்டுப் பொருள்களை ஸ்கேன் செய்ய ஸ்கேனிவர்ஸும் ரியாலிட்டிஸ்கேனும், எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருள் என்ற வரிசையில் வேலை செய்து பார்த்தபின் எழுதும் மதிப்பீடு இது. நான்கு மென்பொருள்களையும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்பதால், செலவெல்லாம் கைப்பேசியிலும் பொறுமையிலும்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அசைவை முகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், சாயலைப் பொருள்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பின்தொடரும் முறை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்த முடிவின் காரணம் விளங்கும். 2017இல் ஐபோன் எக்ஸுடன் வந்த ட்ரூடெப்த் கேமரா, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் வீசி, அவை எங்கெங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு மூக்கின் உயரத்தையும் கன்னத்தின் குழிவையும் கணிக்கிறது. அதன்மேல் ஆப்பிளின் ஏஆர்கிட் மென்பொருள், முகத்தின் ஒவ்வொரு கணத்தையும் 52 எண்களாகச் சுருக்குகிறது. இடக்கண் எவ்வளவு மூடியிருக்கிறது, தாடை எவ்வளவு திறந்திருக்கிறது, புருவத்தின் உள்முனை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு. லைவ் லிங்க் ஃபேஸ் இந்த எண்களை நேரடியாகக் கணினிக்கு அனுப்பவும் செய்யும், காணொளியோடு சேர்த்து அட்டவணைக் கோப்பாகச் சேமிக்கவும் செய்யும். அந்த அட்டவணையைத் திறந்து பார்ப்பது நல்ல அனுபவம். நாம் சிரித்த சிரிப்பு தசமப் புள்ளிகளாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

அசைவைப் பொறுத்தவரை இந்த 52 எண்கள் வியக்கத்தக்க வேலையைச் செய்கின்றன. இமைப்பு, உதட்டைக் குவிப்பது, ஒரு பக்கமாகச் சிரிப்பது, கண்ணை ஓரமாகத் திருப்புவது எல்லாம் பிசகாமல் வந்துவிடுகின்றன. 'சரி' என்பதற்கு நம்மவர்கள் தலையை இருபுறமும் மெல்லச் சாய்ப்பார்களே, அந்த அசைவும் வந்துவிடுகிறது. தலையின் சாய்வும் திருப்பமும் இந்த 52இல் சேராமல் தனியாகப் பதிவாகின்றன. குறை எங்கே இருக்கிறது என்றால், பட்டியல் எல்லோருக்கும் பொதுவானது. கன்னம் உப்புவதற்கு அதில் ஒரே ஓர் எண்தான் உண்டு, இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து. வெற்றிலையை ஒரு கடைவாயில் அடக்கிக்கொண்டு பேசும் பாட்டியின் முகத்தை அந்த எண்ணால் சொல்லவே முடியாது. நாக்குக்கும் ஒரே எண், அது வெளியே நீளும் அளவு மட்டும். வாய்க்குள் நாக்கு மடிவதையும் மேலண்ணத்தைத் தொடுவதையும் கேமராவும் காணாது, அட்டவணையும் அறியாது. ஆகவே தமிழ் பேசும் உருவத்தின் வாய், உற்றுப் பார்ப்பவருக்குச் சற்று மழுங்கியே தெரியும். மேலுதட்டை மூடும் அளவுக்கு மீசை வைத்திருப்பவர்களும் சிறிது ஏமாற்றத்துக்குத் தயாராக இருப்பது நல்லது.

ட்ரூடெப்த் இல்லாத கைப்பேசியில் என்ன செய்வது என்பார்கள். கூகுளின் மீடியாபைப், சாதாரணக் கேமராப் படத்திலிருந்தே முகத்தில் 468 புள்ளிகளைக் கணிக்கும் வலையை 2019இல் வெளியிட்டது. அதன் இப்போதைய வடிவம் இதே போன்ற 52 மதிப்புகளையும் தருகிறது. அகச்சிவப்புப் புள்ளி எதுவும் இல்லாமல் வெறும் வெளிச்சத்தை நம்பி நடக்கும் கணிப்பு என்பதால், முகத்தில் விழும் ஒளியைப் பற்றி இதில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். கருத்த நிறம் கொண்ட நாம் இந்த இடத்தில் ஒரு செய்தியை நினைவில் வைத்திருக்கலாம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று வகைப்படுத்தும் வணிக மென்பொருள்களை ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் ஆராய்ந்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை சென்றது. அது வேறு வகை மென்பொருள்தான். என்றாலும், எந்த முகங்களைக் கொண்டு ஒரு கருவி பழக்கப்பட்டது என்ற கேள்வி இங்கும் பொருந்தும். முகத்துக்கு நேரே, வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிய விளக்கொன்றை வைத்தால் வேறுபாட்டை உடனே காணலாம்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பதிவின்போது திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம். இறுதியில் கிடைக்கும் உருவமோ பிறர் காணும் நாம். வகிடு இடம் மாறியதுபோல் தோன்றுவதால் பலர் கோப்பே தவறென்று நினைக்கிறார்கள். அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் கண்ணாடி முன் நின்று வணங்கிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு, தன்னுருவம் என்றாலே கண்ணாடியில் தெரிவது என்ற எண்ணம் சற்று ஆழமாகவே பதிந்திருக்கும் போலும். பிளெண்டரில் உருவத்தை இடவலமாகப் புரட்ட ஒரு கட்டளை போதும்; புரட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். இந்தச் சோதனையின் வளமான பகுதி இதுதான். ஒரு பொருளைச் சுற்றிப் பல கோணங்களில், ஒன்றோடொன்று பாதிக்குமேல் ஒத்துப்போகும்படி படங்கள் எடுத்தால், எல்லாப் படங்களிலும் தென்படும் பொதுப் புள்ளிகளைக் கண்டறிந்து அவற்றிலிருந்து முப்பரிமாண உருவைக் கட்டும் முறைக்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர். மேற்பரப்பில் கீறல், புள்ளி, நார், கறை என்று எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்படிப் பார்த்தால், ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கப் பயன்பட்ட பழைய சிரட்டை இந்த முறைக்கென்றே செய்தது போன்ற பொருள். ஓட்டின் நார்க்கோடுகள், உடைந்த விளிம்பு, உள்ளே காய்ந்து மஞ்சளித்த பால் படலம் எல்லாம் ரியாலிட்டிஸ்கேனில் அப்படியே வந்தன. பனையோலைப் பெட்டி, பாக்குவெட்டி, பால்வெட்டுக் கத்தியின் மரப்பிடி ஆகியவையும் அப்படியே. பெட்டியின் பின்னல் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் மென்பொருள் ஓர் இடத்தை இன்னோர் இடமென்று கருதிவிட வாய்ப்புண்டு. மூடியில் இரண்டு மூன்று இடங்களில் சிறு வண்ணத்தாள் ஒட்டி வைத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

வெளிச்சத்தில் நமக்கு ஓர் இயற்கை உதவி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பெறும் மாவட்டம் இது. வானம் மூடியிருக்கும் நாளில் திண்ணையில் கிடைக்கும் நிழலற்ற மென்வெளிச்சத்தை, மற்ற ஊர்க்காரர்கள் வெள்ளைக் குடையும் விளக்கும் வைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் எடுத்தால் பொருளின் நிழலும் அதன் நிறத்தோடு சேர்ந்து நிரந்தரமாகப் பதிந்துவிடும், பிறகு பிரிக்க இயலாது.

பளபளப்பான பொருள்கள் வேறு கதை. பார்க்கும் கோணம் மாறும்போது மினுக்கமும் இடம் மாறுவதால், பொதுப் புள்ளிகளைத் தேடும் எந்தச் செயலியும் தடுமாறும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கைவிட, துலக்காமல் களிம்பேறிய குத்துவிளக்கு பல மடங்கு நன்றாக ஸ்கேன் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் ஸ்கேன் செய்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. துலக்கிய விளக்கே வேண்டுமென்றால், மேலே முகப்பவுடரை மெல்லியதாகத் தூவலாம், அல்லது காசியன் ஸ்பிளாட் என்ற வேறு முறைக்கு மாறலாம். 2023இல் ஆய்வாக வெளிவந்து, 2024இல் ஸ்கேனிவர்ஸுக்குள் வந்துவிட்ட இந்த முறை, பொருளைப் பரப்பாகக் கட்டாமல் இலட்சக்கணக்கான ஒளிபுகு வண்ணத் துகள்களாகக் கட்டுகிறது. ஒவ்வொரு துகளும் கோணத்துக்கேற்ப நிறம் மாறக்கூடியது என்பதால் பித்தளையின் மினுமினுப்பும் பிடிபடுகிறது. விளக்கை ஏற்றாமல் எடுக்க வேண்டும், அசையும் சுடர் வெறும் புகைத்திட்டாகவே வரும். ஆனால் ஸ்பிளாட்டில் பரப்பு இல்லாததால் அதை வளைக்கவோ அசைக்கவோ அச்சிடவோ எளிதில் முடியாது. பார்த்து இரசிக்க ஸ்பிளாட், வேலை செய்ய மெஷ் எனப்படும் பரப்புருவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடியைத் தன் உருவத்தில் சேர்க்க ஆசைப்படாத எல்லைப்புறத்தார் குறைவாகவே இருப்பார்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தீட்டித் தீட்டிச் செய்யும் அந்தக் கண்ணாடியில் பிம்பம் மேற்பரப்பிலேயே விழுகிறது. ஸ்கேன் செய்தால், பிம்பத்தில் தெரியும் அறையை உண்மையான அறை என்று நம்பி, கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத ஓர் அறையைச் செயலி கட்டித் தரும். இதற்கு நேர்மையான தீர்வு ஒன்றே: கண்ணாடிப் பரப்பைத் தாளால் மூடிச் சட்டத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, பரப்பைப் பிளெண்டரில் தட்டையான வட்டமாக வரைந்து, அதற்கு உலோகத் தன்மையை முழுமையாகவும் சொரசொரப்பைச் சுழியாகவும் வைக்க வேண்டும். அப்போது உங்கள் டிஜிட்டல் உருவம் அந்தக் கண்ணாடியில் தானே தெரியும்.

லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் லிடார் உணரி உள்ள விலையுயர்ந்த ஐபோன்தான் வேண்டுமோ என்ற தயக்கம் தேவையில்லை. 2020இல் ஐபோன் 12 புரோவில் வந்த அந்த உணரி அறைகளையும் கட்டடங்களையும் அளக்க ஏற்றது. அது தரும் ஆழப்படம் 256க்கு 192 புள்ளிகளே கொண்டது என்பதால், சிரட்டை அளவுப் பொருளுக்குச் சாதாரணக் கேமராவே மேல். இணைய வேகம்தான் முக்கியமான வேறுபாடு. ரியாலிட்டிஸ்கேன் படங்களை இணையவழி அனுப்பி வேறிடத்துக் கணினிகளில் உருவைக் கட்டுகிறது, ஸ்கேனிவர்ஸோ கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறது. சிக்னல் வந்து போகும் மலையடிவாரத்து ஊர்களில் இது சிறிய விஷயம் அன்று. முகமும் வீட்டின் உட்புறமும் வெளியே போக வேண்டாமென்று கருதுபவர்களும், வாடிக்கையாளர்களின் முகங்களைக் கையாளும் ஸ்டுடியோக்களும் ஸ்கேனிவர்ஸ் பக்கமே நிற்பது நல்லது. எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பிறர் முகத்தைச் சேமிக்கக் கூடாது என்பதை ஸ்டுடியோக்காரர்களுக்குத் தனியே சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்டது.

ஒன்றுசேர்க்கும் வேலை பிளெண்டரில் நடக்கிறது. ஸ்கேன் செய்த உருவங்கள் பல இலட்சம் முக்கோணங்களோடு வரும், அவற்றைக் குறைக்காவிட்டால் நடுத்தரக் கணினி திணறும். குறைத்தபின், 52 எண்களில் விரும்பியவற்றைப் பொருள்களின் அசைவோடு இணைக்கலாம். என் உருவத்தில் தாடையின் எண் ஓலைப்பெட்டியின் மூடியைத் திறக்கிறது. இமைகளின் எண்கள் இரண்டு சிரட்டைகளைக் கவிழ்க்கின்றன. புருவம் உயர்ந்தால் பாக்குவெட்டி விரிகிறது. நம் கோயில்களில் ஒன்பது பெண்கள் சேர்ந்து யானையாகி நிற்கும் நவநாரீகுஞ்சரத்தைக் கண்டவர்களுக்கு, பல பொருள்கள் சேர்ந்து ஒரு முகமாவதில் புதுமை ஒன்றும் இருக்காது. புதுமை, அது நாம் இமைக்கும்போது இமைக்கிறது என்பதில்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆயத்தமாகக் கிடைக்கும் பொதுவான மனிதத் தலை ஒன்றையும் என் நிறத்துக்கு மாற்றி, இதே எண்களைக் கொடுத்து அசைத்தேன். இரண்டையும் அம்மாவிடம் காட்டியபோது அவர் மனிதத் தலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மொகம் ஒனக்க மொகம் மாதிரி இல்ல, மக்களே" என்றார். சிரட்டை உருவத்தைக் கண்டதும், "இது நம்ம வீட்டுச் செரட்டயில்லா, விளிம்பு பொட்டினது" என்று சிரித்தார். அந்த மனிதத் தலை என்னைப் போல் இமைத்தது, என்னைப் போல் தலையாட்டியது. ஆனால் அந்த அசைவுகளை யாருடைய தலைக்கும் பொருத்தியிருக்கலாம். அந்தச் சிரட்டையின் விளிம்பு வேறு எந்த வீட்டிலும் அப்படி உடைந்திருக்காது.

வாங்குவதைப் பற்றி: ஏற்கெனவே ட்ரூடெப்த் கேமராவால் முகம் பார்த்துத் திறக்கும் பழைய ஐபோன் இருந்தால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு மட்டும் இருப்பவர்கள் ஸ்கேன் வேலையைத் தாராளமாகத் தொடங்கலாம். முக அசைவுக்குக் கணினியின் கேமராவும் மீடியாபைப்பும் போதும், சிறிது நிரல் தெரிந்த நண்பர் ஒருவர் மட்டும் வேண்டும். பணம் செலவிட்டே ஆக வேண்டுமென்றால், பொருளை வைத்துச் சுற்றும் சுழல்மேசை ஒன்று வாங்குங்கள், கூடவே பின்னணிக்கு அச்சில்லாத ஒற்றை நிறத் துணி ஒன்றும். மேசை சுழலும்போது பின்னணி அசையாமல் நிற்பது செயலியைக் குழப்பாதிருக்க அந்தத் துணி அவசியம்.