இன்டரப்டா, போலிங்கா? கூரையில் பூட்டிய மழைமானியை வைத்து ஓர் அலசல்

மழைமானிக்குள் சிறு வாளி நிரம்பிக் கவிழ்வதைக் கணினி தானே அடிக்கடி எட்டிப் பார்ப்பதா (போலிங்), கவிழும்போது அதை மறித்துச் சொல்வதா (இன்டரப்ட்)? கச்சான் வீசும் ஆடியில் திருகோணமலைக் கூரையொன்றில் பூட்டிய மழைமானிக்கு நாட்கணக்காக வேலை இராது. கார்த்திகையில் கொட்டியாரக் குடாப் பக்கம் கருக்கொண்டு வந்தால் கதை வேறு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 0.2 மில்லிமீற்றருக்கு ஒருதரம் கவிழும் வாளி, மணித்தியாலத்துக்கு 60 மில்லிமீற்றர் கொட்டினாலும் 12 செக்கனுக்கு ஒருமுறைதான் கவிழும். கணினியின் மூளையான சீபீயூவுக்கு 12 செக்கன் ஒரு யுகம்.

போலிங் என்றால் மானியின் வயர் வரும் பின்னை (இணைப்பு ஊசியை), றாஸ்பெரி பை என்ற சிறு கணினி திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பது. 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பார்த்தால் நாளுக்கு 8,640,000 தரம். மழையில்லா நாளில் அத்தனையும் வீண். சரி, செக்கனுக்கு ஒருமுறை போதுமே என்று குறைத்தால், வாளியின் காந்தம் கடக்கும்போது றீட் ஆளி (காந்தத்தால் மூடும் ஆளி) ஏறத்தாழ 0.1 செக்கன் மட்டுமே மூடியிருப்பதால், பெரும்பாலான கவிழல்கள் தப்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, மழை குறைவாகப் பதியும். அதுதான் இதில் மோசமானது.

இன்டரப்டில், ஆளி மூடிப் பின்னின் மின்னழுத்தம் விழுந்ததும் இன்டரப்ட் கொன்ரோலர் சீபீயூவை மறிக்கும். சீபீயூ கைவேலையின் நிலையைச் சேமித்து, கேர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிந்த ஹேண்ட்லரை (இதற்கென எழுதிய சிறு நிரல்) ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். மழை இல்லையேல் செலவும் இல்லை. தொல்லை ஆளியில்தான்: தகடுகள் துள்ளுவதால் ஒரு கவிழல் மூன்று நான்காக எண்ணப்படலாம். 10 கிலோஓம் தடையியும் 100 நனோபரட் கொள்ளளவியும் 1 மில்லிசெக்கன் வடிகட்டலைத் தரும். மென்பொருளிலும் 50 மில்லிசெக்கனுக்குள் வரும் அடுத்த விளிம்பை, அதாவது மின்னழுத்த வீழ்ச்சியை, தள்ளிவிடுங்கள். கூரையிலிருந்து இறங்கும் நீண்ட வயர் இடிமின்னலில் அன்ரெனா ஆகிவிடும், முறுக்கிய கவச வயரே நல்லது.

மழைமானிக்கு இன்டரப்ட்தான், சந்தேகமில்லை. அதே பெட்டியில் ஐ-ஸ்குவேர்ட்-சீ என்ற இரு வயர்த் தொடர்பு வழியாகக் கடல்மட்ட உணரியையும் வாசித்தால் கவனம் தேவை. அந்த வாசிப்பு தூங்கக்கூடியது, அதாவது பதில் வரும்வரை சீபீயூவை விட்டுக் காத்திருக்கும். ஹேண்ட்லருக்குள் தூங்கினால் லினக்ஸ் ‘ஸ்கெஜூலிங் வைல் அடோமிக்’ (தூங்கக்கூடாத இடத்தில் தூக்கம்) என்று அலறும். அதற்குத்தான் தூங்க அனுமதியுள்ள தனி இழையில் ஓடும் திரெட் வடிவ ஹேண்ட்லர். மறிப்பின்போதே ஓடும் முதல் ஹேண்ட்லரை வெறுமையாக விட்டால், திரெட் முடியும்வரை இன்டரப்டை அடைத்துவைக்கும் ஒன்ஷொட் கொடியும் வேண்டும், இல்லாவிட்டால் பொதுவாகப் பதிவே மறுக்கப்படும்.

நெட்வேர்க் அட்டைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாயும். ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் (தரவுத் துண்டுகள்) செக்கனுக்கு 14 இலட்சத்துக்கும் மேல் வரலாம். ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் என்றால் சீபீயூ மறிக்கப்படுவதிலேயே காலம் கழித்து, பொதிகளைக் கையாளாமல் கொட்டிவிடும். லினக்ஸின் நாப்பி என்ற முறை இரண்டையும் கலக்கிறது: முதற் பொதி இன்டரப்ட் எழுப்பும், ட்ரைவர் (அட்டையை இயக்கும் நிரல்) உடனே அதை அடைத்துவிட்டுப் போலிங் செய்யும், வழக்கமாகத் தடவைக்கு 64 பொதிகள் வரை. வரிசை வற்றியதும் இன்டரப்ட் மீண்டும் திறக்கும்.

பூட்டி முடிந்ததும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாய் விட்டம் 200 மில்லிமீற்றர் என்றால் ஒரு கவிழலுக்கு 6.28 மில்லிலீற்றர், 628 மில்லிலீற்றரை 20 நிமிடமாகச் சொட்டவிட்டால் 100 கவிழல்கள் வரவேண்டும். லினக்ஸின் ப்ரொக் கோப்புறையில் மறிப்புகளை எண்ணும் இன்டரப்ட்ஸ் கோப்பில் எண்ணிக்கை 130 ஏறி, நிரலில் 100 நின்றால் மென்பொருளில் துள்ளல் வடிகட்டப்படுகிறது. இரண்டிலும் 130 என்றால் மென்பொருள் வடிகட்டலும் வேலை செய்யவில்லை; அதையும் கொள்ளளவியின் ஈயப் பற்றையும் பாருங்கள்.