சூடேற்றும் எண்ணெய்: ஒப்பந்தமா, தேவைக்கு அழைப்பதா?

அமெரிக்காவின் மெயின், மாசசூசெட்ஸ் பக்கம் எண்ணெய் பர்னர் (எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி) உள்ள வீடுகளுக்கான ஒப்பீடு இது. ஒப்பந்தம் என்றால் எண்ணெய் நிறுவனமே நேரம் பார்த்து வந்து தொட்டியை நிரப்பும்; அழைப்பு என்றால் தேவைப்படும்போது நாமே அழைத்து வாங்குவது.

விலை
ஒப்பந்தம்: லாரி வரும் அன்றைய விலைதான், உச்சவரம்பு பேசியிருந்தால் தப்பிக்கலாம்.
அழைப்பு: நாலு இடத்தில் விசாரித்து, ரொக்கத் தள்ளுபடியும் கேட்கலாம். 100 கேலனுக்குக் குறைந்தால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம்.

கவனம்
ஒப்பந்தம்: குளிரைக் கணக்கிட்டு நிறுவனத்தாரே லாரியை அனுப்புவார்கள். விறகடுப்பும் எரிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு பிசகும்.
அழைப்பு: தொட்டியில் எண்ணெய் அளவைக் காட்டும் மிதவைமானியை நாம்தான் பார்க்க வேண்டும். 275 கேலன் தொட்டி கால் பங்குக்கு இறங்கியதும் அழையுங்கள். வறண்டால் கசடு வடிகட்டியை அடைக்கும், குழாயில் காற்று ஏறும். மெக்கானிக் கூலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒப்பந்தம். வீட்டோடு இருந்து, கோடையிலேயே நிரப்பக் கையில் பணமும் உள்ளவர்களுக்கு அழைப்புதான் லாபம்.