பழைய பிக்கப் ஏற்காட்டு மலையில் எவ்வளவு எடை இழுக்கலாம்? ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2012ஆம் ஆண்டு பதிவான இரட்டைக் கேபின் டீசல் பிக்கப் ஒன்றைச் சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பவர் டில்லர், பாசனக் குழாய்கள், வெட்டிய சில்வர் ஓக் கம்பங்கள் என லோடு பாடியில் அடங்காதவற்றை ஏற்றுவதற்காக, பிரேக் இல்லாத இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றையும் அதன் பின்னால் இழுக்கிறேன். வண்டியுடன் வந்த கையேட்டில் இழுவை எடை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே அந்த எண்ணை நானே கணக்கிட வேண்டியிருந்தது. வண்டிக்கு வயது ஏற ஏற அதைத் திருத்தவும் வேண்டியிருந்தது.

இந்தப் பேச்சை எடுத்தாலே பெரும்பாலோர் இன்ஜின் இழுக்குமா என்றுதான் கேட்கிறார்கள். இழுக்கும். முதல் கியரில் போட்டால் பழைய டீசல் இன்ஜினும் ஏறக்குறைய எதையும் நகர்த்திவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் தன் வலுவில் ஏழில் ஒரு பங்கை இழக்கும் என்றாலும், மெதுவாக ஏறுவதற்கு மீதி போதும். ஏறும்போது உண்மையில் அடி வாங்குவது கிளட்ச். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பேருந்து நின்றுவிட்டால், சுமையோடு அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் கை பிரேக்கில் நிறுத்திக் கிளம்புவதே கிளட்ச் பிளேட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆயினும் கிளட்ச் தேய்ந்தால் வண்டி நிற்கும். பிரேக் தேய்ந்தால் நிற்காது. எனவே என் கணக்கை ஏற்றத்திலிருந்து தொடங்காமல் இறக்கத்திலிருந்து தொடங்கினேன்.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். அதை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தீர்க்க வேண்டும். 2,800 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 33 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் 110 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு பகுதியைக் கியரில் இருக்கும் இன்ஜினும் டயர்களும் வாங்கிக்கொள்ள, எஞ்சியதெல்லாம் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாகச் சேர்கிறது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 100 கிலோவும் இந்தக் கணக்கில் இன்னும் நான்கு லிட்டரைச் சேர்க்கிறது.

ட்ரெய்லரில் பிரேக் இல்லாததால் அதன் முழு எடையையும் பிக்கப்பின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிரேக்கோ, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) குறித்துள்ள மொத்த எடைக்கென்று வடிவமைக்கப்பட்டது. ஆகவே வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை அந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பதை மலைக்கான என் முதல் விதியாக வைத்துக்கொண்டேன். என் ஆர்.சி.யில் காலி எடை 1,720, சுமையுடன் மொத்த எடை 2,800 கிலோ. காலி எடையை நம்பிக் கணக்கிடுவதில் பயனில்லை. டீசல் நிரப்பி, நானும் உதவியாளும் ஏறி, ஜாக்கி, தார்ப்பாய்ச் சட்டம், கொக்கிச் சட்டம் எல்லாவற்றோடும் எடை மேடையில் நிறுத்தியபோது 1,980 கிலோ காட்டியது. மீதம் 820. இது ட்ரெய்லரின் சொந்த எடையும் அதிலுள்ள சுமையும் லோடு பாடியில் கிடப்பதும் எல்லாம் சேர்ந்த எண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்படியானால் ட்ரெய்லர் எதற்கு, பாடியிலேயே போடலாமே என்று கேட்டால், எடையைப் பொறுத்தவரை அது சரியான கேள்விதான். மலைச் சாலையில் ட்ரெய்லர் தருவது இடத்தையும் தாழ்வான தளத்தையும் மட்டுமே.

820 என்பதும் புதிய வண்டிக்கான எண். அதைக் குறைக்க வைத்தது, பலர் குனிந்துகூடப் பார்க்காத ஒரு சிறிய பாகம். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு கம்பி பொருத்தி, சுமையால் பாடி எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். பாடியில் 600 கிலோ ஏற்றினால் பின்பகுதி தாழும். வால்வும் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் தரும். அதே 600 கிலோவை ட்ரெய்லரில் இழுத்தால், கொக்கியின் மேல் அழுந்தும் 60 கிலோ அளவுக்குத்தான் பாடி தாழும். வண்டி ஏறக்குறையக் காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். விளைவாக இறக்கத்தில் வேலையின் பெரும்பகுதி முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. தளர்ந்த பின்பகுதியைத் தூக்குவதற்காகக் கமான் கட்டில் (அச்சின் மேல் பாடியைத் தாங்கும் வில் பட்டைகளில்) கூடுதல் பட்டை சேர்க்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. வால்வைத் திரும்ப அமைக்காமல் அதைச் செய்தால் பின் பிரேக் இன்னும் குறையும். பத்தாண்டு ஓடிய வண்டியில் இந்த வால்வு துருவேறி ஒரே நிலையில் இறுகிக் கிடப்பதும் அரிதன்று. என் வண்டியில் அப்படி இறுகியிருந்ததை மாற்றிய பிறகும், மலைக்கான உச்ச எடையை 820இலிருந்து 600ஆகக் குறைத்துக்கொண்டேன்.

பிரேக் ஆயிலும் வயதோடு சேர்ந்த விஷயமே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரியாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கலாம். டாட் 4 வகையில் இவை 230, 155. கொதித்த ஆயிலில் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். என் வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் அனுமதித்திருப்பதால் டாட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுகிறேன். இதற்கு ஆகும் செலவு ஒரு பிரேக் லைனர் செட்டின் விலைகூட இல்லை.

கொக்கியின் மேல் அழுந்தும் எடை ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. குறைந்தால் நேர்ச்சாலையில் ட்ரெய்லர் வால் ஆட்டும். மூட்டை எடை போடும் மேடைத் தராசை, ட்ரெய்லரைக் கொக்கியோடு இணைக்கும் முன்கம்பியின் கீழே வைத்தாலே இதை அளந்துவிடலாம். ஆனால் கொக்கி பின் அச்சுக்கு வெகுவாகப் பின்னால் இருப்பதால், 60 கிலோ என்பது அச்சின் மேல் 60 கிலோவாக நிற்பதில்லை. சக்கர இடைவெளி 3 மீட்டராகவும் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னாலும் இருந்தால், பின் அச்சில் 84 கிலோ ஏறி, முன் அச்சில் 24 கிலோ குறையும். முன்சக்கரம் இப்படி இலேசாவது மழைக்கால வளைவுகளில் ஸ்டீயரிங்கில் நன்றாகவே தெரிகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணையும் இதோடு சரிபார்க்க வேண்டும். 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 100 என்றால் 800.

சமவெளியில் நிலைமை வேறு. சீலநாயக்கன்பட்டியிலிருந்து சங்ககிரி வரை நெடுஞ்சாலையில் மிதமான வேகத்தில் போவதற்கு 750 கிலோ வரை அனுமதித்துக்கொள்கிறேன். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லையும் அதுவே. சட்டப்படி ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்புறத்தில் தெரிய வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக, ட்ரெய்லரின் முன்கம்பிக்குக் கீழே மாட்டுவது நல்லது.

அண்மையில் பின் குறுக்குச் சட்டத்தில் கொக்கி போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஒன்று தென்பட்டது. டிராக்டர் பாணியில் ஊசி (pin) செருகி மாட்டும் கொக்கியில் இருக்கும் தளர்வால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ட்ரெய்லர் முன்னும் பின்னும் இடித்ததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. வெல்டிங் வைத்து மூடாமல், இருபுறச் சேஸியோடும் சேரும் புதிய சட்டம் ஒன்றை 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கியோடு செய்யச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ட்ரெய்லர் கொட்டகையில்தான் நிற்கிறது. டில்லர் வாடகை வண்டியில் மேலே போகிறது.