ஒரே டிஸ்கில் மூன்று சிஸ்டம்: நாலு வருடம் ஓட்டிய பிறகு

2021 கடைசியில், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள என் லேப்டாப்பில் விண்டோஸ் 10, லினக்ஸ் வகைகளான டெபியன், ஃபெடோரா மூன்றையும் போட்டேன். விண்டோஸ், அண்ணனின் பால் டிப்போ கணக்குக்கு. அந்த பில்லிங் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது. டெபியன் என் அன்றாட வேலைக்கு. ஃபெடோரா, புதிதாக வருவதைத் தொட்டுப் பார்க்க. இன்ஸ்டால் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கூட வாழும்போது வருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவில் டெபியனில் வேலையை முடித்து அணைத்துவிட்டுப் படுப்பேன். அதிகாலை நாலரைக்கு அண்ணன் விண்டோஸைத் திறந்தால் முந்தைய நாள் இரவு 11 மணி என்று காட்டும். காலையில் ஊற்றிய பால் நேற்றைய தேதியில் பதிவாகிவிடும். ஒரே நாளில் இரண்டு தடவை பால் வாங்கியதாக வாடிக்கையாளருக்கு பில் போய், அவர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்தேன். அதன்பின் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் கட்டளை உண்டு, ஆனால் இரண்டு லினக்ஸிலும் மாற்ற வேண்டும். விண்டோஸை மாற்றுவதே சுத்தமான வழி.

அடுத்தது, விண்டோஸ் சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னலை அப்படியே டிஸ்கில் உறையவைத்துவிட்டுப் போகும். எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவாக வைத்திருந்த, விண்டோஸ் வடிவமான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) லினக்ஸில் வாசிக்க மட்டுமே திறந்ததற்கு அதுதான் காரணம். பவர் ஆப்ஷனில் அதை அணைத்தேன். விண்டோஸ் எழுந்திருக்கச் சில வினாடி கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் வருத்தியது இஎஸ்பி, அதாவது பூட் கோப்புகள் இருக்கும் ஃபேட்32 பார்ட்டிஷன். விண்டோஸ் இன்ஸ்டாலர் உருவாக்கிய 100 எம்பியை அப்படியே விட்டுவிட்டேன். எந்த சிஸ்டம் வேண்டும் என்று மெனு காட்டும் பூட் லோடரான க்ரப் இருக்கும்வரை அது தாராளம், ஏனென்றால் கெர்னல்கள் அங்கே போவதில்லை. 2023-இல் டெபியன் 12 வந்ததும் சிஸ்டம்டி-பூட் என்ற வேறொரு லோடருக்கு மாற ஆசைப்பட்டேன். அதில் கெர்னலும், அது எழ உதவும் இனிட்ஆர்டி கோப்பும் இஎஸ்பிக்கே வந்து உட்காரும். இரண்டு கெர்னலில் இடம் நிரம்பி, அப்டேட் பாதியில் நின்றது. பெரிதாக்கலாம் என்றால், பக்கத்திலேயே விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய 16 எம்பி எம்எஸ்ஆரும் அதை ஒட்டி சி டிரைவும் சுவர் போல நின்றன. கடைசியில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, லைவ் பென்டிரைவில் பூட் செய்து, 1 ஜிபி இஎஸ்பியை முதலில் உருவாக்கிவிட்டு விண்டோஸைப் போட்டேன். ஏற்கெனவே இஎஸ்பி இருந்தால் விண்டோஸ் அதையே எடுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே செய்யுங்கள்.

அப்புறம் நான் க்ரப்புக்கே திரும்பிவிட்டேன், அது வேறு கதை. 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கினாலும், ஃபெடோராவில் கெர்னல் மாறியது டெபியனின் மெனுவுக்குத் தானாகத் தெரியாது. அதனால் ஃபெடோராவின் சொந்த லோடருக்கே கைமாற்றிவிடும் ஒரு பதிவை மெனுவில் சேர்த்திருக்கிறேன்.

ஹோம் பார்ட்டிஷனை இரண்டு லினக்ஸுக்கும் பொதுவாக்க வேண்டாம். ஃபெடோராவின் புதிய ஃபயர்பாக்ஸ் தொட்ட ப்ரொஃபைலை டெபியனின் பழைய ஃபயர்பாக்ஸ் திறக்க மறுத்தது. ஆவணங்களை மட்டும் தனிப் பார்ட்டிஷனில் வைத்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் 11-க்கு மாறினோம். வாடிக்கையாளர் கணக்கு இருப்பதால் சி டிரைவை விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டினேன். க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போனபோது அது மீட்புச் சாவி கேட்டது. இப்போது விண்டோஸுக்கு மட்டும், லேப்டாப்பை இயக்கும்போது வரும் எஃப்12 பூட் மெனு வழியாக நேராகப் போகிறோம். அந்த 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி, டிப்போ கல்லாப்பெட்டியின் அடியில் அண்ணன் ஒட்டி வைத்திருக்கிறார்.