பதின்வயதுப் பிள்ளைகளுக்கான போட்டோகிராபி வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிள்ளையைப் போட்டோகிராபி வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பதினைந்து வயதாகும் என் மகளை ஒரு வார இறுதி வகுப்பில் சேர்த்தோம். கட்டிய பணம் போனது. அவள் எடுத்த படம் வேறொருவர் பெயரில் விளம்பரமாக வந்தது. படத்தில் இருந்த அவளுடைய தோழியின் முகம், அந்த வீட்டாருக்கே தெரியாமல் கண்டவர் கையிலெல்லாம் போய்ச் சேர்ந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். வேறு பெயரில் இதே வேலையை இன்னொருவரும் செய்யலாம்.

சேர்க்கும்போது சொன்னது இது: வகுப்புக்குப் பத்துப் பேருக்கு மேல் கிடையாது, விருது வாங்கிய கலைஞர் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பார், ஆளுக்கொரு கேமரா, கடைசியில் கண்காட்சி. போய்ப் பார்த்தால் கூடம் நிறையப் பிள்ளைகள், நான்கே நான்கு கேமராக்கள். கலைஞர் தொடக்க நாளில் வந்தார், பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய உதவியாளர்தான். இளைஞர், நல்ல மனிதர். கையில் கொடுத்த ஸ்லைடுகளை வாசித்தார். அதற்கு மேல் கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

ஒரு பையன் நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறான். “சார், எஃப் 16 பெரிய நம்பர்தானே, அப்புறம் ஏன் வெளிச்சம் கம்மியா வருது?” அதற்கு வந்த பதில், “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க.” இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருகிற எண் அது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ. அகலம். எஃப் 16 என்றால் மூன்று மி.மீ. சொச்சம். அந்தத் துளையைத் திருகி மாற்றும் அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, திருகித் திருகி உள்ளே பார்க்கச் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எதையும் புரியவைக்க முடியும். உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஐஎஸ்ஓ விஷயம். உள்ளே வரும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எண் அது. எந்தச் சூழ்நிலையிலும் 100ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும் என்று பிள்ளைகள் மனதில் பதியவைத்திருந்தார்கள். நகரும் ஆட்களைப் படமெடுக்கும் பயிற்சி அன்று கூடத்துக்குள் நடந்தது. என் மகளின் தோழி ஸ்கிப்பிங் ஆடுகிறாள், இவள் எடுக்கிறாள். ஒரு படமாவது தெளிவாக விழவில்லை. கயிறு இருக்கிற இடமே தெரியவில்லை, முகம் மூன்று முகமாக இழுபட்டிருந்தது. உதவியாளர் பார்த்துவிட்டு, “இந்தக் கேமராவுல இவ்வளவுதான் வரும், நல்ல பாடி வாங்கச் சொல்லு வீட்ல” என்றாராம். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா. வீட்டுக்கு வந்தவள் முகத்தில் சுரத்தே இல்லை.

பத்திரிகைக்குப் படமெடுக்கும் என் தம்பி அன்று வீட்டில் இருந்தான். அவள் வைத்திருந்ததே அவனுடைய பழைய டிஎஸ்எல்ஆர்தான். படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தான். எஃப் 5.6, ஷட்டர் 1/15 (ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது), ஐஎஸ்ஓ 100.

“ஏம்மா, ஆடுற ஆளை 1/15ல எடுத்தா எப்படி நிக்கும்? ஐஎஸ்ஓவை ஏத்திருக்கலாமே?”

“சார் 100க்கு மேல போகவே கூடாதுன்னு சொல்லியிருக்கார் மாமா.”

“1600 வெச்சுப் பாரு. அதே வெளிச்சத்துல உனக்கு 1/250 கிடைக்கும்.”

100, 200, 400, 800, 1600. நான்கு படி ஏறினால் பதினாறு மடங்கு. அந்த அளவுக்கு ஷட்டரையும் வேகமாக்கலாம். படத்தில் கொஞ்சம் பொரி தெரியும், அதை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன முகத்தை எதை வைத்தும் மீட்க முடியாது. அடுத்த வாரம் அதே கூடம், அதே தோழி, அதே கேமரா. ஐஎஸ்ஓ மட்டும் 1600. அவள் எடுத்துவந்த படத்தைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. கயிறு பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் வளைந்து நிற்கிறது. பின்னல் மேலே எழும்பியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குதிக்கிற அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு துல்லியம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் படம் கெடும், படம் கெட்டால் பிள்ளை கேமராவைக் குறை சொல்லும், உடனே நிறுவனம் ஒரு ‘கிட்’ பட்டியலை நீட்டும். எங்களுக்கும் வந்தது. இன்ன மாடல் பாடி, 18–55 மி.மீ. லென்ஸ், டிரைபாட், பை. எல்லாவற்றையும் அவர்கள் கைகாட்டும் கடையில்தான் வாங்க வேண்டும். அந்த 18–55 கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவை 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். பல கேமரா நிறுவனங்கள் தயாரிக்கும் சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். லென்ஸ் வரிசையிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. பிள்ளைகளின் நன்மைதான் நோக்கம் என்றால் பட்டியலில் முதலில் அது இருந்திருக்க வேண்டும். இல்லவே இல்லை. இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1916இல் பதினான்கு வயதுப் பையனாக யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது கையில் இருந்தது அப்பா கொடுத்த கோடாக் பிரவுனி பெட்டிக் கேமரா. கற்றுக்கொள்ளத் தொடங்குகிற பிள்ளைக்கு மேனுவல் மோடு, அதாவது அளவுகளை நாமே மாற்றும் வசதி, உள்ள எந்தப் பழைய கேமராவும் போதும். ப்ரோ மோடு உள்ள போனும் போதும். ரா ஃபைலை (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பை) திருத்த டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களே இருக்கின்றன. காசு கொடுத்துச் சந்தா கட்டினால்தான் ஆகும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, பெற்றோர் யாருமே யோசித்திராத ஆபத்து. ‘என் அறை’ என்ற தலைப்பில் வீட்டுப் பயிற்சி கொடுத்து, போனில் எடுத்த ஒரிஜினல் ஃபைல்களை ஒரு பொது ஃபோல்டரில் ஏற்றச் சொன்னார்கள். லிங்க் கிடைத்தவர் யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். போனில் கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும் எக்ஸிஃப் தகவலில் பதிந்திருக்கும். பல சமூக வலைத்தளங்கள் படத்தை ஏற்றும்போது இதை நீக்கிவிடும். ஒரிஜினல் ஃபைலை அப்படியே வைத்தால் நீங்காது. அந்த ஃபோல்டரில் இருந்த படங்களில் என் தம்பி ஒன்றைத் திறந்து, எண்களை மேப்பில் போட்டுக் காட்டினான். ஒரு சிறுமியின் வீட்டுக் கூரை மேல் புள்ளி வந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. எந்த அறையில் தூங்குகிறாள், ஜன்னல் எந்தப் பக்கம், வீடு எங்கே என்பதையெல்லாம் ஒரு பெண் குழந்தை தன் கையாலேயே பொதுவில் வைத்திருக்கிறாள், வகுப்பு சொன்னது என்பதற்காக. அன்றைக்கே போன் செய்து சொன்னேன். “பார்க்கிறோம் மேடம்” என்றார்கள். நான் எனக்குத் தெரிந்த பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர்களும் சேர்ந்து சத்தம் போட்ட பிறகுதான் ஃபோல்டரை மூடினார்கள்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். புதிய பேட்ச் சேர்க்கைக்கு ஒரு விளம்பரம் சுற்றியது. நடுவில் பெரிதாக அந்த ஸ்கிப்பிங் படம். கீழே வகுப்பின் தலைமைப் பயிற்சியாளர் பெயர், ஒளிப்படம் எடுத்தவர் என்று. என் மகள்தான் முதலில் பார்த்தாள். “அம்மா, இது நான் எடுத்தது” என்றவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கயிறாடிய பெண்ணின் அம்மாவுக்கு நான் போன் செய்தபோது, அப்படி ஒரு படம் எடுக்கப்பட்டதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்கு. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

நிறுவனத்தில் முதலில் மறுத்தார்கள். “அன்னிக்கு சாரும் எடுத்திருக்கலாம் மேடம்” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியது ரா ஃபைல். பயிற்சிக்காக அவள் ஏற்றியது சதுரமாக வெட்டிய ஜேபெக். கார்டில் இருந்த ராவில் முழு ஃபிரேமும் இருக்கிறது: இடது ஓரத்தில் பெஞ்சின் கால், அதன் கீழே யாரோ ஒரு பிள்ளையின் நீலப் பை. விளம்பரத்துப் படத்தில் அவை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்கள் வரிசையாக இருக்கின்றன. எக்ஸிஃபில் நாள், நேரம், எஃப் 5.6, 1/250, ஐஎஸ்ஓ 1600, கேமராவின் வரிசை எண் உட்பட எல்லாம் பதிந்திருக்கிறது. “சார் எடுத்த ராவைக் காட்டுங்கள்” என்று கேட்டோம். காட்ட முடியவில்லை.

அடுத்து விதிமுறைக் கையேட்டை எடுத்தார்கள். ‘பயிற்சிக் காலத்தில் எடுக்கப்படும் அனைத்துப் படங்களும் நிறுவனத்துக்கே உரியவை’ என்று ஒரு வரி. பணம் கட்டி, ரசீது வாங்கி, வகுப்பும் தொடங்கிய பிறகு பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிய கையேடு அது. நாங்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தில் அந்த வரி இல்லை. பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிப்புரிமைக்காக எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்த கணத்திலேயே அது வந்துவிடும். வணிக உரிமையை ஒருவர் எழுதிக்கொடுத்துவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும் என்பதும் அந்த உடன்படிக்கையில் உண்டு. நாட்டுக்கு நாடு விவரம் மாறும், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சிறுமியின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள எந்தக் கையேடும் அனுமதி தராது.

இது புதிதாக நடப்பதும் இல்லை. 1912 ஏப்ரலில் கார்பேதியா கப்பலில் அம்மாவோடு பயணம் போன பெர்னிஸ் பாமர் என்ற கனடியப் பெண்ணுக்கு அப்போது வயது பதினேழு. கையில் புத்தம்புதிய பிரவுனி கேமரா. டைட்டானிக்கில் தப்பியவர்களை அந்தக் கப்பல் கடலிலிருந்து ஏற்றிக்கொண்டபோது, அவர்களையும் பனிப்பாறையையும் அவள் படமெடுத்தாள். உலகமே தேடிய படங்கள். அவற்றை வெளியிடும் உரிமையை ஒரு படநிறுவனம் வெறும் 10 டாலருக்கு அவளிடம் வாங்கிவிட்டது. அதன் மதிப்பு அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பதின்வயதுப் பிள்ளை எடுத்த படம் என்றால் பெரியவர்களுக்கு அன்றும் அவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “ரீஃபண்டுன்னு எங்க சிஸ்டத்துலயே கிடையாது மேடம், வேணும்னா அட்வான்ஸ்டு கோர்ஸ்ல ஃப்ரீயா சேர்த்துக்கிறோம்” என்றார்கள். மறுத்துவிட்டோம். கண்காட்சி நடந்ததாகக் கேள்விப்பட்டேன். ஃபிரேமுக்கும் சுவருக்கும் தனியாகப் பணம் கட்டிய பிள்ளைகளின் படங்கள் மட்டும் தொங்கினவாம்.

வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மகள் இப்போது அவளுடைய மாமாவிடம் கற்கிறாள். பத்துப் படம் எடுத்துவந்தால் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுகிறார்கள்: ஏன் இங்கே நின்றாய், இந்தக் கம்பம் ஏன் தலைக்குப் பின்னால் வந்தது, ஓரடி நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. பிள்ளை எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதை எடுத்த பிள்ளையோடு பேசுகிற அந்த நேரம்தான் வகுப்பு. அது அந்தக் கூடத்தில் ஒரு நாளும் நடக்கவில்லை. ஆகவே சேர்க்கப் போகிற இடத்தில் முதலில் இதைக் கேளுங்கள்: என் பிள்ளையின் படங்களை யார் பார்ப்பார், வாரம் எவ்வளவு நேரம் பேசுவார்? ஒரு வகுப்பில் நீங்களும் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெற்றோருக்கு அனுமதியில்லை என்றாலோ, பிள்ளையைத் தனியாக வெளியிடத்துக்குப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போவார்கள் என்றாலோ, அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மாணவர்கள் எடுத்தவை என்று காட்டும் படங்களைக் கூகுளில் படத்தை வைத்துத் தேடிப் பாருங்கள். இணையத்தில் விற்கும் படங்களாகவும் இருக்கலாம். விதிமுறைக் கையேட்டைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். படங்களின் உரிமை பற்றிய வரி இருந்தால் அடித்துவிட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையின் முகத்தையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். போனில் கேமராவுக்கான லொகேஷனை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ராவையும் ஜேபெக்கையும் சேர்த்தே சேமிக்கச் சொல்லுங்கள், கார்டை அழிக்கும் முன் ராவை வீட்டுக் கணினியில் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே உங்கள் பிள்ளையின் படம் இப்படிப் போயிருந்தால், சண்டைக்குப் போகும் முன் விளம்பரத்தை முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாங்கள் கேட்ட அன்று மாலையே அந்த விளம்பரம் காணாமல் போய்விட்டது. முந்தின இரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவள் என் மகள். எங்கள் புகாரில் முதல் இணைப்பு அதுதான், இரண்டாவது அந்த ரா ஃபைல்.